கௌதமி பூசிய துரு

செவ்வாய்க்கிழமை காலை. ராயபுரத்தில் என் கடை வாசலில் ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். செல்போன் அடித்தது. இரண்டு கையிலும் மஞ்சள் பெயிண்ட். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் பட்டனை அமுக்கி என் காதோடு வைத்துப் பிடித்தார். மல்லிகா பேசினாள். நான் இந்தக் கடை வைப்பதற்கு முன்பு, திருவொற்றியூர் பொம்மைக் கொட்டகையில் என்னோடு வேலை செய்தவள்.

"அண்ணாத்த, சேதி தெரியுமா? கௌதமிக்கா பூட்ச்சு."

"எந்தக் கௌதமி?" என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. வேறு ஒரு கௌதமியாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நப்பாசை.

"இன்னா அண்ணாத்த இப்டி கேக்குற? நம்ம வியாசர்பாடி கௌதமிக்கா. மொத ஆர்டர கவுத்துச்சே, அந்தக்கா. காலைல நெஞ்சு நோவுதுன்னுச்சாம். ஆட்டோல இட்டுகினு போறதுக்குள்ள..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள்.

"ஆமா, ஆமா" என்றேன். எதற்கு ஆமாம் சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியே வேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்து வருடம் ஆகப்போகிறது. இன்னமும் கௌதமி யார் என்று அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் கொட்டகைக்காரர்களுக்கு முதலில் வாயில் வருவது அந்த ஒரு கதைதான். முதல் ஆர்டரைக் கவிழ்த்தவர். அது பொய். அது பொய் என்று அன்றுவரை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் போய்விட்டார். மிச்சம் இருந்தவன் நான். அந்தப் பொய்யை உடைக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அந்த அம்மாள் எப்பேர்ப்பட்ட வேலைக்காரர் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தால் என் பாவத்தைப் பற்றிய கட்டுரையாகப் போய்விடும். இது அவரைப் பற்றியது.

கொட்டகையைப் பற்றித் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும். வெளிநாட்டில் ஒரு விளையாட்டு உண்டு. மேஜையின் மேல் அட்டையை விரித்து, சுண்டுவிரல் உயரப் போர்வீரர்களையும் உள்ளங்கை அகல பீரங்கி வண்டிகளையும் வைத்து, தாயம் உருட்டுகிற மாதிரி உருட்டி, வளர்ந்த மனிதர்கள் மணிக்கணக்காகச் சண்டை போடுவார்கள். அந்தப் பொம்மைகள் வெள்ளைப் பிளாஸ்டிக்காக எங்களிடம் மூட்டையில் வரும். வர்ணம் பூசித் திருப்பி அனுப்ப வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் இந்த வேலை தொடங்கியது. முப்பது பெண்கள். அவர்களுக்கு இன்சார்ஜ் நான். ஓவியப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன், போர்டு எழுதுகிறவன், இங்கிலீஷில் வரும் கலர் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன். இந்த மூன்றும் சேர்ந்து தலையில் கொஞ்சம் கனம் ஏற்றியிருந்தது. கொஞ்சமா? நிறையவே.

வர்ணம் பூசுவதோடு வேலை முடியாது. பூசிய பிறகு பழசாக்க வேண்டும். சேறு, புகைக்கரி, உரிந்த பெயிண்ட், துரு எல்லாம் வைக்க வேண்டும். புத்தம் புதுப் பொம்மையைப் பத்து வருடம் போர்க்களத்தில் கிடந்தது போல ஆக்கினால்தான் வாங்குகிறவனுக்குத் திருப்தி. கௌதமி வேலை கேட்டு வந்த அன்று இதை விளக்கியதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதுவரை அவர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் ஆங்கிள், சேனல் என்கிற இரும்புச் சட்டங்களுக்கு ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தவர். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர்.

"பதினஞ்சு வருசமா துரு புடிக்காம கீறதுக்குப் பெயிண்ட் அடிச்சிகினு கீறேன். நீ துருவையே அடிக்கச் சொல்றியா? இன்னா வாத்யாரே, வாங்கறவனுக்கு மற கயண்டுகீதா?"

"இது ரொம்பச் சின்ன வேலைம்மா. கண்ணு நல்லா தெரியணும்."

"சின்னதுன்னா நல்லதாப் போச்சு. முட்டி நோவாது" என்று சொல்லிவிட்டு, நான் சரி என்று சொல்வதற்கு முன்பே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து கடைசிவரை அவருக்கு நான் வாத்யார்தான். மரியாதையாகக் கூப்பிட்டாரா, கிண்டலாகக் கூப்பிட்டாரா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது.

முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. கண்ணை வைத்து வந்த சண்டை. போர்வீரனின் முகம் ஒரு உளுத்தம்பருப்பு அளவுதான் இருக்கும். அதில் வெள்ளை வைத்து, வெள்ளைக்குள் கருப்பு விழி வைத்து, ஒரு பகல் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து நாற்பது பேருக்குக் கண் எழுதினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனாலும் பெருமை தாங்காமல் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கௌதமி ஒருவனைக் கையில் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா வாத்யாரே, எல்லாம் பேய பாத்த மேரி முய்ச்சிகினு கீது?"

கொட்டகையே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம். "வாய் பேசாம நீ செஞ்சு காட்டு பாக்கலாம்" என்று கத்தினேன்.

செய்து காட்டினார். முகத்துக்குத் தோல் நிறம் ஒரு கை. காய்ந்ததும், தண்ணீர் மாதிரி கலக்கிய பழுப்பை ஒரே ஒரு சொட்டு நெற்றியில் விட்டார். அது தானாக ஓடி, புருவத்துக்குக் கீழேயும் மூக்கின் ஓரத்திலும் பள்ளம் பார்த்துத் தங்கியது. மின்விசிறிக்கு நேராக வைத்தார். பிறகு அவனை மேஜையில் நிறுத்தி, என்னை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னார். தொப்பி நிழலுக்குள் கண் தெரிந்தது. வரையாத கண் அது. நான் வரைந்ததைவிட நன்றாக இருந்தது.

"ஆடறவன் நின்னுகினுதான ஆடுவான்? நின்னுகினு பாத்தா இன்னா தெரியுதோ அத்த மட்டும் செய். தெரியாதத செஞ்சி எதுக்குக் கழுத்த ஒட்ச்சிகினு கீற?"

வேகமாகப் பூசுவது எப்படி என்று முதலாளி எங்கிருந்தோ ஒரு பத்திரிகையை வரவழைத்து என்னிடம் கொடுத்திருந்தார். பக்கம் பக்கமாக இருந்தது. அதன் சாரம் முழுவதும் இந்த இரண்டு வரிதான். படிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. நான் படித்தும் எனக்குப் புரியவில்லை.

அடுத்த நாள் அவர் ஆசாரியிடம் பேசி, கட்டில் சட்டத்துக்கு வாங்குகிற மாதிரி மர ரீப்பர்களை அறுத்து வாங்கி வந்தார். ஒவ்வொரு ரீப்பரிலும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பை நீளமாக ஒட்டி, பத்து வீரர்களை வரிசையாக நிற்க வைத்தார். பிறகு ரீப்பரை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, ஆங்கிளுக்கு அடிப்பது போல ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார். பத்தாவது ஆளை முடிக்கும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். "ஒரு கலர எடுத்தா அல்லாத்துக்கும் அடிச்சிட்டுத்தான் கீய வெக்கணும். பிரஷ் கயுவற நேரம்தான் நம்ம நேரத்தத் துன்னுது" என்பார். அந்த வாரத்திலிருந்து முப்பது பேரும் ரீப்பருக்கு மாறினார்கள். ஒருவரும் கழுத்து வலி என்று சொல்லவில்லை. நான் மட்டும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு பழைய மாதிரி ஒவ்வொன்றாகவே செய்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு ரீப்பரை எடுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார். இருமினார்.

துருவுக்கு வருகிறேன். கலர் சீட்டில் துருவுக்கு என்று ஒரே ஒரு ஆரஞ்சு நிறம் கொடுத்திருந்தார்கள். நான் அதை வண்டிமேல் அங்கங்கே தட்டினேன். சாம்பார் சிந்தின மாதிரி இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தோம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல மைல் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. கௌதமி ஒரு விளக்குக் கம்பத்தருகே நின்றுவிட்டார்.

"வாத்யாரே, இங்க வா. இந்தப் பக்கம் பாரு. இப்போ சுத்திகினு போயி அந்தப் பக்கம் பாரு."

கடல் பார்த்த பக்கம் கம்பம் பொரிந்து, உப்பி, செதில் செதிலாக உரிந்திருந்தது. சாலை பார்த்த பக்கம் பெயிண்ட் கிட்டத்தட்ட முழுதாக இருந்தது. பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அந்தக் கம்பத்தைத் தாண்டாத நாள் கிடையாது. ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

"தண்ணி எங்க நிக்குதோ அங்க பொறக்கும். அப்பால கீய ஓடும். பயசு கருப்பா கீது, புதுசு ஆரஞ்சா கீது பாரு. நீ இன்னாடான்னா அல்லாத்தையும் ஒரே கலர்ல தெளிக்கிற, கோலம் போட்ட மேரி."

மறுநாள் காலை பீரங்கி வண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இந்த வண்டி நிக்கிற ஊர்ல கடலு எந்தப் பக்கம்?"

"பொம்மைக்கு ஏதும்மா கடல்?"

"இரும்புன்னு சொல்ற, வெளிய நிக்குதுன்னு சொல்ற, அப்போ காத்து ஒரு பக்கந்தான வரும்? சரி வுடு, நானே வெச்சிக்கிறேன்." இடது பக்கம் கடல் என்று அவரே முடிவு செய்தார். பழைய மெத்தையிலிருந்து பிய்த்த ஸ்பாஞ்சைக் கரும்பழுப்பில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, ஈரம் போன பிறகு இடது பக்க விளிம்புகளில் மட்டும் தட்டினார். அதன் நடுவில் ஒரு பொட்டு ஆரஞ்சு. ஆணித் தலைகளிலிருந்து ஈர பிரஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. வலது பக்கத்தில் ஏதோ பேருக்குக் கொஞ்சம். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அதைக் கையில் வாங்கியபோது கை தானாக எடைக்குத் தயாரானது. பிளாஸ்டிக் என்று தெரிந்தே ஏமாந்தேன். அவ்வளவு அழகு. அதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். "பரவால்ல" என்று சொன்னேன்.

இப்போது அந்த முதல் ஆர்டர். அதுவரை பூசியதெல்லாம் பழகுவதற்குத்தான். முந்நூறு பீரங்கி வண்டிகள். பரீட்சை ஆர்டர் அது. வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பிடித்தால் வருடம் முழுக்க வேலை. பிடிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிடுவதாக முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். வண்டியின் உடம்பு தனியாகவும், மேலே உட்காரும் பீரங்கிக் கூண்டு தனியாகவும் வரும். இரண்டுக்கும் வர்ணம் பூசிய பிறகு பசை வைத்து ஒட்டி, பெட்டியில் அடுக்க வேண்டும். உடம்பையும் கூண்டையும் பூசுகிற வேலை கௌதமியுடையது, ஏனென்றால் அந்த வேகம் வேறு யாருக்கும் இல்லை.

சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். கௌதமி சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு வந்தேன். எல்லா வண்டியிலும் கூண்டு உட்காரும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. கூண்டின் அடியிலும் அப்படியே.

"இன்னா இது, பல்லு இளிச்சிகினு கீது? அர்ஜென்ட்னா அரைகொறையா அடிப்பியா?"

"அது அரைகொற இல்ல வாத்யாரே. வுட்டு வெச்சிகீறேன். அங்கதான ஒட்டப்போறாங்க? பெயிண்ட் மேல ஒட்டுனா பெயிண்டோட பேத்துகினு வந்துடும். ஆங்கிள்ல வெல்டிங் வர்ற எடத்த ஒரு சாண் வுட்டுட்டுத்தான் அடிப்போம். இல்லன்னா வெல்டர் செருப்பால அடிப்பான்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். இன்றைக்கும் ஒரு வார்த்தை மறக்கவில்லை. நான் என்ன சொன்னேன் என்பதும் மறக்கவில்லை.

"இது உன் ஆங்கிள் இல்ல, ஆர்ட்டு. எனக்கு வேல கத்துத் தராத. வெள்ள தெரியக் கூடாது. அல்லாத்துக்கும் அடி."

கண், ரீப்பர், துரு என்று மூன்று முறை என் படிப்பைக் காலி செய்தவர். நான்காவது முறையும் அவர் சொல்வது சரியாக இருக்கக் கூடாது என்று எனக்கு வீம்பு. வேறு ஒரு காரணமும் கிடையாது. அவர் பிரஷை எடுத்தார். பிறகு குனிந்து, முந்நூறு உடம்புக்கும் முந்நூறு கூண்டுக்கும் விட்டுவைத்த இடத்தையெல்லாம் பூசி முடித்தார். மற்றவர்கள் சாப்பிட்டுக் கைகழுவி, கொஞ்சம் அரட்டை அடித்துவிட்டு வந்தபோது பாதிக்கு மேல் ஆகியிருந்தது.

ஒட்டினோம், அடுக்கினோம், டெம்போவில் ஏற்றினோம். டெம்போ எண்ணூர் சாலையின் குண்டு குழியில் குலுங்கிக் குலுங்கி, ராயபுரத்தில் ஏற்றுமதி ஏஜென்டின் கிடங்குக்குப் போனது. மறுநாள் மத்தியானம் முதலாளி ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, அதை என் மேஜைமேல் கவிழ்த்தார். கூண்டுகள் எல்லாம் தனித்தனியாக உருண்டன. ஒவ்வொன்றின் அடியிலும் பசையோடு சேர்ந்து பெயிண்ட் தோல் மாதிரி உரிந்து வந்திருந்தது.

"ஒட்ற எடத்துல பெயிண்ட் அடிச்சது யாரு?"

எனக்கும் கௌதமிக்கும் நடுவில் ஒரு பெஞ்சுதான். வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். எனக்கு இந்த வேலை போய்விட்டால் என்ன செய்வேன், முப்பது பெண்கள் முன்னால் என் முகம் என்னவாகும் என்று இரண்டும் சேர்ந்து வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

"நான்தான் சார்" என்று கௌதமி எழுந்து நின்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். "நாளைலேர்ந்து வரவேணாம்மா" என்று மட்டும் சொன்னார். கௌதமி பிரஷைக் கழுவி, அதன் குச்சியைத் துடைத்து, வைக்கிற இடத்தில் வைத்தார். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார். மல்லிகா என் காதருகில் "பாவம், அவசரத்துல பண்ணிட்ச்சு போல" என்றாள். நான் தலையாட்டினேன்.

மூன்று நாள் நாங்கள் எல்லோரும் பிளேடால் அந்த இடங்களைச் சுரண்டி, மறுபடி ஒட்டி அனுப்பினோம். தாமதமாகப் போனாலும் ஆர்டர் தேறியது. வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஃபேக்ஸில் ஒரு வரி இருந்தது. துரு ஒரு பக்கம் அதிகமாக இருக்கிறதே, அது மிக நன்றாக இருக்கிறது, இனி எல்லா வண்டிகளுக்கும் அப்படியே வேண்டும். நான் முயன்றேன். மல்லிகா முயன்றாள். யாருக்கும் வரவில்லை. "அந்தம்மாவ போயி இட்டாந்துடு" என்று முதலாளி என்னைச் சாத்தாங்காட்டுக்கு அனுப்பினார்.

ஆங்கிள் அடுக்கின் மேல் உட்கார்ந்து ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்தார். கை, கால், முடி எல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"மொதலாளி கூப்டாரா, நீ கூப்டியா?"

"ரெண்டு பேரும்தான்."

"நீ அவராண்ட சொன்னியா?"

"இல்ல."

இரண்டு ஆங்கிளுக்கு அடித்து முடித்தார். ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சாண் விட்டு நிறுத்தினார். நான் அதைப் பார்க்க வேண்டும் என்று செய்தாரா, பழக்கத்தில் செய்தாரா, தெரியாது. எனக்கு முகம் எரிந்தது.

"அடிச்சது யாருன்னு கேட்டாரு. அடிச்சது நான்தான். சொன்னேன். நீ போயிருந்தா அந்த இங்கிலீஷ் சீட்ட எவ படிப்பா? முப்பது பொம்பளைங்க அத்த நம்பிகினு கீறாங்க. நான் போனா இங்க ஆங்கிளு கீது. அதுக்காகத்தான் சும்மா இருந்தேன், உன் மூஞ்சிக்காக இல்ல."

"தப்புதான் கௌதமி."

"எனுக்குத் தெரியும் தப்புன்னு. என்னாண்ட சொல்லி இன்னா? ஒரு நாளு நீயே அவங்களாண்ட சொல்லணும். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

சொல்கிறேன் என்றேன். மறுநாள் அவர் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். பெண்கள் கைதட்டினார்கள். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆர்டர் ஒரு மாதிரி நிலைக்கட்டும் என்று தள்ளினேன். பிறகு, பொங்கல் கழியட்டும் என்று தள்ளினேன். பிறகு சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பது போல ஆகிவிட்டது. புதிதாகச் சேர்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒட்டுகிற இடத்தை விட்டுப் பூசச் சொல்லித் தருவோம். "இல்லன்னா கௌதமிக்கா கதையாயிடும்" என்று மல்லிகா சேர்த்துக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள், கௌதமியும் சிரிப்பார். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலை மும்முரத்தில் ஒரு புதுப் பெண்ணைத் திட்டும்போது, "கௌதமி பண்ண மேரி பண்ணிடாத" என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். ஸ்பாஞ்சைக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அவர் என்னிடம் பகை பாராட்டியதே இல்லை. என் மனைவிக்கு ஆபரேஷன் ஆனபோது நான்கு நாள் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார், கலர் சீட்டு எண்களை மனப்பாடம் செய்துகொண்டு. சண்டையும் போட்டார், கிண்டலும் செய்தார். அதையெல்லாம் மன்னிப்பு என்று வசதியாக எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு முறைதான் அவர் கண் என்னிடம் கேட்டது. அவருடைய மகள் சுஜாதா கல்லூரி முடித்துவிட்டு, கொட்டகைக் கணினியில் வேலை பார்க்கச் சேர்ந்த முதல் நாள். யாரோ விளையாட்டாக, "உங்கம்மா மேரி ஆர்டர கவுத்துடாதம்மா" என்றார்கள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. அவளுக்கு அதுவரை அந்தக் கதையே தெரியாது. கௌதமி மகளைப் பார்க்கவில்லை. நேராக என்னைப் பார்த்தார். நான் கலர் சீட்டைப் புரட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வியாசர்பாடிக்குப் போனேன். மாடிக்குடியிருப்பின் கீழே ஷாமியானா போட்டிருந்தார்கள். கௌதமி குடும்பம் பௌத்தம். வெள்ளை உடுத்தியவர்கள் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வந்தனம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நெருக்கமான கூட்டம். சாத்தாங்காட்டிலிருந்து வெல்டர்கள்கூட வந்திருந்தார்கள். கௌதமியின் முகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில் பழுப்பு இன்னும் மிச்சம் இருந்தது. அழுகை வந்தது. அழ எனக்கு யோக்கியதை உண்டா என்ற கேள்வியும் வந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, படிக்கட்டில் சுஜாதா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளிடம் சொன்னேன். முன்பின் மாற்றாமல், அந்தச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா சொன்னதையும் நான் சொன்னதையும் வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

"அம்மா ஒரு தபா கூட என்னாண்ட சொல்லல அங்கிள். நானே கேட்டுகீறேன், ஏம்மா அப்டி பண்ணன்னு. ஆமாடி, அடிச்சேன்னு சொல்லும், அவ்ளோதான்."

"என்ன மன்னிச்சிடும்மா."

"என்னாண்ட சொல்லி இன்னா அங்கிள்? சிரிச்சவங்க அவ்ளோ பேரும் உயிரோடத்தான் கீறாங்க. அவங்களாண்ட சொல்லு."

அம்மா சொன்ன அதே வார்த்தை. எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. நினைவேந்தல் கூட்டத்தில் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சடிப்பதாகவும், அதில் எழுதித் தரும்படியும் சொன்னாள். உள்ளே போய் ஒரு பிரஷை எடுத்து வந்து, "இது அம்மாவுது, நீ வெச்சிக்கோ" என்று நீட்டினாள். மயிர் தேய்ந்து பாதியாகிப் போன, துருவுக்கென்றே அவர் வைத்திருந்த பிரஷ். கை நீட்டினேன், பிறகு வாங்காமல் வந்துவிட்டேன்.

இப்படிப்பட்ட கட்டுரையை, போனவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முடிப்பது வழக்கம். நான் ஏற்கெனவே ஒன்றை வைத்துக்கொண்டிருந்தேன், பத்து வருடமாக, கேட்காமல். அவருடைய நல்ல பெயரை. அது சுஜாதாவுக்குச் சேர வேண்டியது.

மல்லிகா, கொட்டகைப் பெண்களே, கேளுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் பெயிண்ட் அடிக்கச் சொன்னவன் நான். வேண்டாம் என்று சொன்னவர் கௌதமி.